நட்சத்திரத்தின் கண் மை

மார்கழி மாதம் விடியற்காலையில் எழுந்து, வாசலில் கோலம் போட்டுவிட்டுத் திருப்பாவை சொல்லும் சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. ஸ்ரீவில்லிப்புத்தூர் ஆண்டாள், தூங்குகிற தோழியை எழுப்புவதற்காகப் பதின்மூன்றாம் பாசுரத்தில் ஆகாயத்திலிருந்து ஓர் அடையாளம் காட்டுகிறாளே, நினைவிருக்கிறதா? சுக்கிரன் எழுந்துவிட்டது, குரு அடங்கிவிட்டது, இன்னுமா தூக்கம் என்று கேட்கிறாள்.

நாமெல்லாம் அதைச் சொல்லிவிட்டு அடுத்த பாசுரத்துக்குப் போய்விடுகிறோம். தமிழறிஞர் மு. இராகவையங்கார் அப்படிப் போய்விடவில்லை. ஒரே வைகறையில் இந்த இரண்டும் நடக்க வேண்டுமானால் அது எந்த ஆண்டு என்று ஆராய்ந்து, கி.பி. 731 என்று முடிவு சொன்னார். வேறு ஆண்டுகளைச் சொல்கிறவர்களும் உண்டு. ஏனென்றால் இதே அடையாளம் பல ஆண்டுகளுக்குப் பொருந்தி வரும்! வழக்கை அறிஞர்களிடமே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அவர்கள் போன வழி. கண்ணுக்குத் தெரிந்ததைக் கையில் பிடித்துக் கொண்டு, யாராலும் போய்ப் பார்க்க முடியாத ஒன்றைக் கணக்குப் போட்டுச் சொல்லும் வழி அது.

அதே வழியில்தான் இன்று விஞ்ஞானிகள், வயதாகி அடங்கும் நட்சத்திரங்கள் கக்கிய வாயுவையும் தூசியையும் கம்ப்யூட்டருக்குள் திரும்பச் செய்து பார்க்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள். கணக்கு வாய்ப்பாடு எதுவும் வராது. பால்கோவாவும் பஞ்சும் கண் மையும்தான் வரும்.

பெயரில் ஒரு பிசகு

இந்த வாயுக் கூட்டங்களுக்குக் 'கிரக நெபுலா' என்று பெயர். ஆனால் கிரகத்துக்கும் இவற்றுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது! 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், அடுத்த சில ஆண்டுகளில் தம்முடைய டெலிஸ்கோப்பில் வட்டமாக மங்கலாக ஒளிரும் சில பொருள்களைப் பார்த்தார். பார்வைக்குக் கிரகத்தைப் போல் இருந்தன. 'கிரக நெபுலா' என்று எழுதி வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை. நம் வீடுகளில் குழந்தையில் வைத்த செல்லப் பெயர் பேரன் எடுத்த பிறகும் நிற்பதில்லையா, அது மாதிரி.

உண்மையில் அது என்ன? நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம், வயிற்றிலுள்ள ஹைட்ரஜனை எரித்துத் தீர்த்த பிறகு ஊதிப் பெருத்துச் சிவப்பு ராட்சசனாகிறது. பிறகு மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடுகிறது. உள்ளே எஞ்சுவது சின்னஞ்சிறு உருண்டை. ஆனால் அதன் உஷ்ணம் லட்சம் டிகிரி வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும் போகும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான் என்பதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் பிறக்கும் புற ஊதா ஒளி, வெளியே போன வாயுவில் பட்டு அதை ஒளிரச் செய்கிறது. அதுதான் நெபுலா.

அந்த வாயு விநாடிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் விரிந்து கொண்டே போகிறது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிப்புத்தூருக்குப் பஸ்ஸில் போனால் எத்தனை நிமிஷம் ஆகிறது? இந்த வாயுவுக்கு அந்தத் தூரம் அரை விநாடி! இப்படியே விரிந்து விரிந்து, சில பத்தாயிரம் ஆண்டுகளில் கரைந்து மறைந்துவிடும். நட்சத்திரத்தின் ஆயுளோ பல நூறு கோடி ஆண்டுகள். அந்தக் கணக்கில் இது கற்பூரம் எரிந்து அணைகிற நேரந்தான்.

விளக்கும் கரியும்

பாட்டி காலத்தில் வீட்டிலேயே கண் மை செய்வார்கள். விளக்கெண்ணெய்த் திரியை ஏற்றி, அதன்மேல் ஒரு செம்புத் தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். சுடரிலே கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கரி, குளிர்ந்த தட்டில் பட்டவுடன் கறுப்பாகப் படியும். வழித்தெடுத்து, நெய்யில் குழைத்தால் மை.

சிவப்பு ராட்சச நட்சத்திரமும் இதையேதான் செய்கிறது. தன் உள்ளே சமைத்த கார்பனை மேலே கொண்டு வருகிறது. வாயு வெளியே போகப் போகக் குளிர்கிறது. குளிர்ந்த இடத்தில் கார்பன் கரித் தூசியாகப் படிகிறது. ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. எல்லா நட்சத்திரமும் கரிதான் தரும் என்பதில்லை. பிராணவாயு மிகுந்த நட்சத்திரங்களில் மணலுக்கு உறவான தூசி உண்டாகிறது.

ஆக, நெபுலா என்பது நடுவிலே ஒரு விளக்கு, சுற்றிலும் மெல்லிய வாயு, அதனூடே மை. 'மெல்லிய' என்றால் எவ்வளவு? நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் அணுத் திரள்களின் எண்ணிக்கையை எழுத, இரண்டு போட்டு அதன் பின்னால் பத்தொன்பது சைபர் போட வேண்டும். நெபுலாவில் அதே இடத்தில் சில ஆயிரம் அணுக்கள் இருந்தாலே பெரிய கூட்டம்!

இந்த மெல்லிய தன்மைதான் ஒரு காலத்தில் விஞ்ஞானிகளை ஏமாற்றியது. 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு கிரக நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, பூமியில் எந்தப் பொருளும் தராத ஒரு பச்சை நிறக் கோடு தெரிந்தது. புதிய மூலகம் என்று நினைத்து 'நெபுலியம்' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1927-ல், ஐரா போவன் குட்டை உடைத்தார். அது நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுதான்! இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில், இடிப்பதற்கு அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாத தனிமையில், அது நிதானமாக வெளியிடும் ஒளி அது.

ருசி பார்த்துப் பக்குவம் சொல்வது

ஸ்ரீவில்லிப்புத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாராவது ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தால், கை தேர்ந்த இல்லத்தரசி என்ன செய்கிறாள்? வாயில் போட்டுப் பார்க்கிறாள். பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எத்தனை நேரம் சுண்டவிட்டது என்று ஊகிக்கிறாள். தானே செய்து பார்க்கிறாள். ருசி ஒத்து வரவில்லையா? சர்க்கரையைக் குறைத்து மறுபடியும் செய்கிறாள். ஒத்து வருகிற வரை விடுவதில்லை.

கம்ப்யூட்டர் செய்வதும் இவ்வளவுதான். வானத்திலிருந்து நமக்குக் கிடைப்பது ஒளி என்ற ருசி மட்டுமே. நட்சத்திரத்தின் உஷ்ணம் இவ்வளவு, வாயுவின் அடர்த்தி இவ்வளவு, ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன், பிராணவாயு இந்தந்த அளவு, தூசி இவ்வளவு என்று ஒரு பக்குவம் எழுதிக் கொடுத்தால், அப்படிப்பட்ட நெபுலா எந்த நிறத்தில் எவ்வளவு ஒளிரும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். டெலிஸ்கோப் பார்த்ததோடு ஒப்பிட வேண்டியது. ஒத்து வராவிட்டால் பக்குவத்தை மாற்ற வேண்டியது.

இந்தச் சமையலுக்கு அடிப்படை போட்டவர்களில் நம்மவர்கள் இருவர் இருக்கிறார்கள். எந்த உஷ்ணத்தில், எந்த அழுத்தத்தில் எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கும் என்று 1920-ல் சூத்திரம் கண்டவர் வங்காளத்து மேக்நாத் சாஹா. (அந்தச் சூத்திரத்தைக் கொண்டு, நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலானவை என்று 1925-ல் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் காட்டியவர் ஸிஸிலியா பெய்ன் என்ற இளம் பெண் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) இன்னொருவர் நம் தமிழர், சுப்பிரமணியன் சந்திரசேகர். எஞ்சி நிற்கும் அந்தச் சின்ன உருண்டை எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணித்துப் பின்னாளில், 1983-ல், நோபல் பரிசு பெற்றவர். ஒளி ஒரு வாயு மண்டலத்துக்குள் புகுந்து, சிதறி, உறிஞ்சப்பட்டு, எப்படி வெளியே வருகிறது என்பதற்கு அவர் 1950-ல் எழுதிய நூல் இன்றும் அத்துறையில் பாடப் புத்தகம்.

சந்திரசேகர் பென்சிலும் காகிதமுமாகப் போட்ட கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தவர்களில் ஒருவர் கேரி ஃபெர்லண்ட். 1978-ல் அவர் எழுதத் தொடங்கிய 'கிளவுடி' என்ற புரோகிராம் இன்றும் வளர்ந்து கொண்டிருக்கிறது. ஆனால் நெபுலாக்கள் எல்லாம் லட்டுப் போல் உருண்டையாக இருப்பதில்லையே! வளையம், பட்டாம்பூச்சி, மணற்கடிகாரம் என்று எத்தனையோ வடிவங்கள். அதற்காக 2003-ல் பார்பரா எர்கோலானோ என்ற பெண் விஞ்ஞானி, சகாக்களுடன் 'மொகாஸின்' என்ற புரோகிராமை வெளியிட்டார். 2005-ல் அதில் தூசியையும் சேர்த்தார்.

அது வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. முதலில், வாசலில் புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல, நெபுலா முழுவதையும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கொள்கிறது. பிறகு நட்சத்திரத்திலிருந்து ஒளியைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்புகிறது. ஒவ்வொரு பொட்டலமும் எந்தத் திக்கில் போகும்? எந்தக் கட்டத்தில் தூசியிடம் மாட்டும்? மாட்டினால் சிதறுமா, விழுங்கப்படுமா? ஒவ்வொன்றுக்கும் சோழி உருட்டிப் பார்க்கிறது கம்ப்யூட்டர்! ஒரு பொட்டலத்துக்கு விழும் சோழியை நம்ப முடியாது. லட்சம், கோடி என்று உருட்டினால் சராசரி பிசகாது. சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரால் இதற்கு 'மாண்டி கார்லோ முறை' என்றே பெயர்.

ஒரு துணியா, பத்துத் துணியா?

இதில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டு வெவ்வேறு பக்குவத்தில் ஒரே ருசி வந்துவிட்டால்?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளில் கட்டுப் போடும் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். அந்தச் சல்லாத் துணியை ஒரு விளக்கின் முன்னால் தொங்கவிட்டிருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்க்கிற உங்களுக்கு வெளிச்சம் மங்கலாகத் தெரிகிறது. துணி விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா, எட்டி இருக்கிறதா? மங்கலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் துணியைத் தொட முடிந்தால் சொல்லிவிடலாம். பக்கத்தில் இருந்தால் சூடாக இருக்கும், எட்டி இருந்தால் சூடு குறைவாக இருக்கும்.

தூசிக்கும் இதே தந்திரந்தான். நட்சத்திரத்தின் ஒளியை விழுங்கிய தூசி கொஞ்சம் சூடாகி, அகச்சிவப்பு ஒளியாக அதைத் திருப்பித் தருகிறது. (சூடு என்றதும் அடுப்பை நினைக்க வேண்டாம். மைனஸ் 170 டிகிரி என்பதே அங்கே நல்ல கதகதப்பு!) அந்த ஒளியைப் பல அலைநீளங்களில் அளந்தால், துணியைத் தொட்டுப் பார்த்த மாதிரி. காற்று மண்டலம் அந்த ஒளியில் பெரும் பகுதியைத் தடுத்துவிடுவதால், செயற்கைக் கோள்களின் உதவி வேண்டியிருக்கிறது.

ஆடிப் பூரத்து இரவில்

இந்தத் தந்திரத்தால் துலங்கிய ஒரு நெபுலாவின் கதை நம் தமிழ்நாட்டோடு சம்பந்தப்பட்டது. அது இருக்கும் இடத்தை நீங்களே பார்க்கலாம். ஸ்ரீவில்லிப்புத்தூரில் ஆடிப் பூரத் தேர் ஓடுகிற நாளில் ஆகாயத்தில் இளம்பிறைதான் இருக்கும். அதுவும் முன்னிரவிலேயே இறங்கிவிடும். மேகம் விலகி நின்றால், இரவு பத்தரை மணி வாக்கில், ஊர் வெளிச்சம் இல்லாத மொட்டை மாடியிலிருந்து தெற்கே பாருங்கள். தனுசு ராசி உச்சிக்கு வந்திருக்கும். பூராட நட்சத்திரத்துக்குச் சற்று வடகிழக்கே ஒரு சாதாரண பைனாகுலரைத் திருப்பினால், பஞ்சுப் பிசிறு போல ஒரு சின்ன வெண்மை தெரியும். 'எம் 22' என்று பெயர். பஞ்சல்ல, லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம் அது. சுமார் 10,000 ஒளி ஆண்டுத் தூரத்தில் இருக்கிறது. அதாவது இன்று உங்கள் கண்ணில் படும் அந்த ஒளி, மனிதன் விவசாயம் பழகிக் கொண்டிருந்த நாளில் புறப்பட்டது.

அந்தக் கூட்டத்துக்குள்ளே ஒரு கிரக நெபுலா ஒளிந்து கொண்டிருக்கிறது. 1983-ல் பறந்த ஐராஸ் என்ற செயற்கைக் கோள், அதன் தூசியின் சூட்டைக் கொண்டே அதைக் காட்டிக் கொடுத்தது. அது ஒரு விசித்திரப் பிறவி. சாதாரண நெபுலாவில் ஹைட்ரஜன்தான் பிரதானம். இதிலோ அதைத் தேட வேண்டியிருக்கிறது! தூசியோ ஏராளம். வாயுவைச் சூடாக்குவதே பெரும்பாலும் தூசித் துகள்களிலிருந்து தெறிக்கும் எலெக்ட்ரான்கள்தான் என்று 1991-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஜவ்வாது மலையில், வாணியம்பாடிக்கு அருகே, காவலூரில் வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி கொண்ட டெலிஸ்கோப் 1986-லிருந்து அங்கே இருக்கிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த சி. முத்துமாரியப்பன், அதே நிறுவனத்தின் மூத்த விஞ்ஞானி எம். பார்த்தசாரதியுடனும் ஜப்பானிய விஞ்ஞானி ஒருவருடனும் சேர்ந்து, இந்த நெபுலாவின் தூசியைக் கம்ப்யூட்டரில் ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார். செயற்கைக் கோள்கள் அளந்த அகச்சிவப்பு ஒளியையெல்லாம் திரட்டி, எந்தப் பக்குவம் ஒத்து வருகிறது என்று பார்த்தார்கள். தூசி கரி இனம் என்று தெரிந்தது. 2017-ல் முத்துமாரியப்பன் அதையே, நான் மேலே சொன்ன சோழி முறையில், நீள அகல உயரத்தோடு விரிவாகச் செய்து காட்டினார்.

இதனால் என்ன தெரிகிறது? எம் 22 மிகப் பழமையான கூட்டம். அது பிறந்த காலத்தில் பிரபஞ்சத்தில் கார்பன் போன்ற பொருள்கள் அபூர்வம். அப்படிப்பட்ட ஏழை வீட்டில் இத்தனை மை எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வாங்கியதில்லை. அந்த நட்சத்திரமே தன் அடுப்பில் சமைத்தது!

கணக்கை மீறிய திருக்கை

கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் வேதவாக்கா? இல்லை. அதற்கும் நம்மவர் கண்ட உதாரணமே இருக்கிறது.

தெற்கு வானத்தில் ஒரு நட்சத்திரம். 1971-ல் எடுத்த பதிவின்படி, சுமார் 21,000 டிகிரி உஷ்ணமுள்ள நீல நட்சத்திரம், அவ்வளவுதான். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, மேலே சொன்ன பார்த்தசாரதியும் சகாக்களும் அதைப் பார்த்தபோது, நெபுலாவுக்குரிய ஒளிக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன! பல நூற்றாண்டுகள், ஆயிரம் ஆண்டுகள் பிடிக்க வேண்டிய மாறுதல், ஒரு பெண் பிறந்து கல்யாண வயதுக்கு வருவதற்குள் நடந்துவிட்டது. ஹப்பிள் டெலிஸ்கோப் எடுத்த படத்தில் அது திருக்கை மீன் வடிவில் இருந்ததால் 'திருக்கை நெபுலா' என்றார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2002-ல் 60,000 டிகிரிக்கு ஏறியிருந்த நட்சத்திரம், 2015-ல் 50,000-க்கு இறங்கிவிட்டது. 1996-லும் 2016-லும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் நெபுலா வெகுவாக மங்கியிருக்கிறது. அணையப் போன அடுப்பில் ஹீலியம் திடீரென்று மறுபடி பற்றிக்கொண்டு, பிறகு தணிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் எந்தக் கம்ப்யூட்டர் பக்குவமும் அதற்கு முழுக்க ஒத்து வரவில்லை.

நமக்கு இதில் என்ன?

"எங்கேயோ ஒரு நட்சத்திரம் எப்படிப் போனால் எனக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

உங்கள் கண்ணில் இட்ட மை, கழுத்தில் ஒளிரும் வைரம், பால்கோவாவின் சர்க்கரை, ராஜபாளையத்து மில்களில் ஓடும் பஞ்சு நூல், மடியில் தவழும் குழந்தை, எல்லாவற்றிலும் இருப்பது கார்பன். அதில் ஒரு பெரும் பங்கு இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் ஊதிவிட்ட சீதனம். எந்த நட்சத்திரம் எவ்வளவு கொடுத்தது என்ற வரவு செலவுக் கணக்கைத்தான் இவர்கள் எழுதிக் கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இன்னும் துண்டு விழுகிறது. நட்சத்திரம் வெளியே தள்ளியிருக்க வேண்டிய அளவுக்கு நெபுலாவில் பொருள் தெரிவதில்லை! 2015-ல் இந்தியா அனுப்பிய அஸ்ட்ரோசாட், ஒரு நெபுலாவைச் சுற்றி அதுவரை யாரும் பார்த்திராத பெரிய ஒளிவட்டத்தைப் புற ஊதா ஒளியில் காட்டியது. காமேஸ்வர ராவும் அவர் குழுவினரும் 2018-ல் அதை வெளியிட்டார்கள். காணாமல் போன பண்டம் இம்மாதிரி ஒளிவட்டங்களில்தான் பதுங்கியிருக்கிறதோ என்னவோ!

நம் சூரியன் விஷயமும் இருக்கிறது. இன்னும் ஐந்நூறு கோடி ஆண்டுகளில் அதற்கும் முதுமை வரும். பழைய கணக்குகளின்படி, சூரியனின் உட்கரு சூடேறுவதற்குள் வாயு கலைந்து போய்விடும்; நெபுலா தெரியாது என்றார்கள். 2018-ல் வெளியான புதிய கணக்கு, உட்கரு நினைத்ததை விட மூன்று மடங்கு வேகமாகச் சூடேறும் என்று கண்டது. ஆகவே சூரியனுக்கும், கொஞ்சம் மங்கலாக, ஒரு நெபுலா உண்டு!

கடைசியாக ஒரு வார்த்தை. மேலே சொன்ன 'கிளவுடி' புரோகிராமை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக் கொள்ளலாம். மடியில் வைத்துக் கொள்ளும் சாதாரண கம்ப்யூட்டரிலேயே அது ஓடும். உங்கள் வீட்டில் பௌதிகம் படிக்கும் பெண் ஒருத்தி இருந்து, இரவு வெகுநேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால், விளக்கை அணைக்கச் சொல்வதற்கு முன் என்ன செய்கிறாள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். திருக்கை நெபுலாவுக்குச் சரியான பக்குவம் இன்னும் யாருக்கும் கிட்டவில்லை என்று சொன்னேன் அல்லவா? அவள் அதைத் தேடிக் கொண்டிருந்தாலும் இருக்கலாம்.